பால் ஊற்றின வீட்டில் வரக்காப்பி

என் தங்கச்சி குடிக்க வேண்டிய பாலைப் பிடுங்கியது நீங்கள்தான். எங்கள் ஊர் பால் சொசைட்டியில் அன்றைக்குச் செயலாளராக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

எண்பதுகளில் கடத்தூர் பக்கம் எங்கள் ஊருக்குச் சொசைட்டி வந்த பிறகு, பால் கறந்து ஊற்றுகிற பொருளாகிவிட்டது. குடிக்கிற பொருளாக இல்லை. எங்களிடம் இரண்டு எருமையும் ஒரு சீமைப்பசுவும் இருந்தன. கறந்த சூடு ஆறும் முன்னே பால் சொசைட்டிக்குப் போய்விடும். நாங்கள் வரக்காப்பி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். எங்கள் கோழி இடுகிற முட்டையும் விலைக்குப் பரோட்டாக் கடைக்குப் போய்விடும்.

வருஷக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்கு ஒரு சொட்டு நிறுத்தாம ஊத்தறவங்கதான் நல்ல மெம்பருங்க" என்பீர்கள். அதிகம் ஊற்றுகிறவருக்குப் பரிசு. ஒரு வருஷம் அப்பா வாங்கி வந்தார், எவர்சில்வர் டம்ளர் செட். அலமாரியில் கவிழ்த்து வைத்தோம். அதில் ஒருவரும் பால் குடித்ததில்லை. அடுத்த வருஷமும் தானே வாங்கவேண்டும் என்று அப்பாவுக்கு வெறி.

அந்த வருஷம் ஒன்றாம் வகுப்புப் படித்த தங்கச்சிக்குத் தட்டம்மை போட்டது. அம்மை இறங்கியும் உடம்பு தேறவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் அங்கங்கே உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தினம் ஒரு டம்ளர் பாலும் முட்டையும் குடுங்க, போதும்" என்றார். மாடு இருக்கிற வீடு என்று தெரிந்ததும், "அப்புறம் என்னம்மா கஷ்டம்?" என்று சிரித்தார்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பரிசுக் கூட்டம் முடியட்டும், அப்புறம் குடுக்கலாம்."

அம்மா காத்திருக்கவில்லை. ஒரு டம்ளர் பாலைத் தனியாக எடுத்துத் தங்கச்சிக்குக் கொடுத்தாள். அளவு குறைந்தால் அப்பா கேட்பாரே என்று அதே டம்ளரில் தண்ணீர் மொண்டு பாலில் ஊற்றினாள்.

சொசைட்டி வரிசையில் ஊரே நின்றது. டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயை எங்கள் பாலில் மிதக்கவிட்ட நீங்கள், "ஏம்மா, எருமையைக் கெணத்துக்குள்ள எறக்கிக் கறந்தியா?" என்றீர்கள். வரிசை சிரித்தது.

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்கண்ணா. ஒரு டம்ளர் எடுத்தேனுங்க."

"புள்ளைக்கு எடுத்தா அளவுதான கொறையணும்? டிகிரி எப்படிக் கொறையுது?"

நியாயமான கேள்விதான். அம்மா தண்ணீர் கலந்தாள், நான் மறைக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதும் உங்கள் காதில் விழுந்தது. பிள்ளைக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கரும்பலகையில் அப்பா பெயருக்கு எதிரே 'தண்ணீர்' என்று எழுதினீர்கள். ஒரு வாரம் இந்த வீட்டுப் பால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள்.

எங்கள் வீட்டில் பால் குடித்தது அந்த ஒரு வாரம்தான். அம்மா அழுதுகொண்டே காய்ச்சினாள். தங்கச்சி பரிசு டம்ளரை எடுத்து வந்து நீட்டினாள். வாரக் கடைசியில் வழியில் எங்கேயும் உட்காராமல் என்னோடு பள்ளிக்கூடம் வந்தாள். மறுவாரம் பால் உங்களிடம் திரும்பியது. அவளும் வழியில் உட்கார ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகுதான் கூத்து. பள்ளிக்கூடத்தில் சத்துணவைப் பற்றி ஒரு விழா. சிறப்பு விருந்தினர் நீங்கள். "பிள்ளைங்க தினமும் பால் குடிக்கணும். யார் யார் குடிக்கறீங்க, கையைத் தூக்குங்க" என்றீர்கள். தங்கச்சி மட்டும் தூக்கினாள்.

"அட, நல்ல புள்ள. தினமும் குடிக்கறியா?"

"இல்லீங்க. நீங்க எங்க பாலை வேண்டாம்னு சொன்னீங்க இல்ல, அப்பக் குடிச்சேன்."

வாத்தியார்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு, கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு, அடுத்து முட்டையைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள்.

தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். ஆனால் பாதி நாள் பள்ளிக்கூடம் வரமுடியாமல் ஒன்றாம் வகுப்பை மறுபடி படித்தாள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் கேட்க வழியில்லை. அம்மாவை இன்னமும் சிலர் தண்ணிப் பால்காரி என்கிறார்கள். நீங்கள் இன்றைக்கும் வருஷக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறீர்கள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து அதே மைக்கைப் பிடியுங்கள். 'பிள்ளை குடித்தது போக மிச்சத்தை ஊற்றுங்கள்' என்று ஒரு கூட்டத்தில்கூட நீங்கள் ஏன் சொல்லவில்லை? என் அம்மாவைப் பார்த்துச் சிரித்த ஊருக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.