தானாக எழுந்த கை

அந்த பஸ் கண்டக்டரம்மாவுக்குப் பயணிகள் வைத்த பெயர் சைரன். "உள்ள போங்க!" என்று ஒரு குரல் கொடுத்தால், படியில் தொங்குகிறவர்கள் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு ஊசி என்றால் குலைநடுக்கம். சொத்தைப் பல்லால் கன்னம் வீங்கிய பிறகும் வலி மாத்திரையிலேயே காலத்தை ஓட்டினார். கடைசியில் தங்கைதான் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

ஊசியைக் கண்டதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். டாக்டரம்மா அதை ஓரமாக வைத்தார்.

"ஹிப்னாடிசம் பண்ணிப் பாக்கலாமா?"

"வீட்டு ரகசியமெல்லாம் உளறிடுவேனா?"

"நீங்க சொல்ல விரும்பாததைச் சொல்ல மாட்டீங்க."

"அடச்சே!" என்றாள் தங்கை.

மூச்சைக் கவனித்தபடி, பிடித்த இடம் ஒன்றை நினைக்கச் சொன்னார் டாக்டர். கண்டக்டருக்குக் காலி பஸ்ஸின் ஜன்னலோர சீட்தான் தோன்றியது. வேலையில் என்றைக்கு அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்? முகத்தில் காற்று அடித்தது. "இடது கையில பலூன் கட்டியிருக்கு, கை லேசாகுது" என்றது தணிந்த குரல். கை மெல்ல எழுந்தது. ஊசி குத்தியது தெரிந்தது. ஆனால் வேறு யாருக்கோ குத்துவதுபோல் இருந்தது.

எல்லாம் முடிந்ததும் கண்டக்டர் மரத்த வாயோடு சண்டைக்கு வந்தார். "நான் தூங்கவே இல்ல. பேசினது அத்தனையும் கேட்டுச்சு. பாவம், இவ்வளவு சொல்றீங்களேன்னு நானே கையைத் தூக்கிட்டேன் போல!"

"அக்கா, முதல்ல பல்லைப் பாரு" என்று பிடுங்கிய பல் கிடந்த தட்டைக் காட்டினாள் தங்கை.

டாக்டர் சிரித்தார். "இது தூக்கமே இல்லைங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளயே இன்னும் வாக்குவாதம்தான். மனசு ரெண்டாப் பிரிஞ்சு, ஒரு பகுதி செய்யறது இன்னொண்ணுக்குத் தெரியாமப் போகுதுன்னு சிலர் சொல்றாங்க. அதெல்லாம் இல்ல, நடக்கும்னு எதிர்பார்த்து, ஒரே விஷயத்துல கவனத்தை வச்சு, மனசார ஒத்துழைக்கறதுதான்னு மத்தவங்க சொல்றாங்க."

"நீங்க எந்தக் கட்சி?"

"பல்லு வெளிய வந்தாச் சரிங்கற கட்சி!"

அடுத்த சொத்தைப் பல்லுக்குக் கண்டக்டர் தனியாகவே போய் வந்தார். மறுநாள் அவருடைய பஸ் டிரைவர், "அக்கா, அந்த டாக்டரால என்னை சிகரெட்டை விட வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"விடணும்னு உனக்கு ஆசை இருக்கா தம்பி?"

டிரைவர் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"முதல்ல விசில் அடிங்கக்கா, லேட்டாகுது" என்று வண்டியைக் கிளப்பினார்.