குடையக்கா சொன்ன ஃபேட் சான்ஸ்

பேருந்துப் பணிமனையில், பயணிகள் விட்டுப்போன சாமான்களைப் பாதுகாக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. அலமாரி முழுக்கக் குடைகள். அதனால் டிரைவர் முதல் துப்புரவாளர் வரை எல்லோருக்கும் அவள் குடையக்கா.

கவுன்டருக்கு வருகிறவர்கள் பேசும் இங்கிலீஷைக் காதால் பிடித்துக் கற்றவள். ஒரு தடவை ஒரு அம்மாள், "ஆஃப் சான்ஸ்ல வந்தேன், என் கையுறை கிடைச்சுதா?" என்று இங்கிலீஷில் கேட்டபோது, "ஆஃப் எல்லாம் இல்ல மேடம், ஆபீஸ் திறந்துதான் இருக்கு" என்று பதில் சொன்னாள். ஒருவேளை கிடைக்குமோ என்று வந்ததைத்தான் அப்படிச் சொன்ன அந்த அம்மாள் விழித்துவிட்டுப் போனாள்.

ஒரு திங்கட்கிழமை, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். பல்செட்டைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டாராம். ரிஜிஸ்தரில் விவரம் எழுதி முடித்ததும், "கிடைக்க ஸ்லிம் சான்ஸாவது இருக்கா?" என்றார் ஈனசுரத்தில்.

ஸ்லிம் என்றால் ஒல்லி என்று குடையக்காவுக்குத் தெரியும். பாவம், மனுஷர் இப்படி நொந்துபோகிறாரே என்று இரண்டு கையையும் அகல விரித்து, முகம் மலர, "நோ நோ சார்! ஃபேட் சான்ஸ்!" என்றாள்.

பெரியவர் முகம் சிவந்தது. நேரே சூப்பர்வைசரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"என்னம்மா, வயசானவரைக் கிண்டல் பண்ணியிருக்கீங்க?"

"ஐயோ சார், ஆறுதல்தானே சொன்னேன்! ஃபேட்டுன்னா குண்டு, பெருசு."

"பெருசுதான். ஆனா ஃபேட் சான்ஸுன்னா நக்கல். கிடைக்கவே கிடைக்காதுன்னு அர்த்தம்."

"அப்போ ஒல்லி?"

"ஒல்லின்னா கொஞ்சூண்டு இருக்கு."

"குண்டைவிட ஒல்லி பெருசா சார்?"

சூப்பர்வைசர் தண்ணீர் குடித்தார்.

வீட்டில் கணவனிடம் புலம்பினாள். அவன் முடிதிருத்துகிறவன், நாலு விதமான ஆட்களிடம் பேச்சுக் கொடுப்பவன். "நீ வேற! இன்னைக்கு ஒருத்தர் மழைக்கு அவுட்சைட் சான்ஸ் இருக்குன்னாரு. மழை வெளியிலதானே பெய்யும்னேன். அவரு சிரிச்ச சிரிப்புல கத்தரி அவரு காதுல பட்டிருக்கும்!"

"அப்படின்னா என்னவாம்?"

"அதையும் கேட்டேன். சான்ஸ் ரொம்பக் குறைச்சலாம்."

குறைச்சலுக்கு எதற்கு இத்தனை பெயர் என்று அவளுக்குத் தலை சுற்றியது.

புதன்கிழமை, பஸ்ஸைக் கழுவியவர் பின்சீட்டுக்கு அடியில் கிடந்ததென்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பல்செட்! குடையக்கா உடனே பெரியவருக்குப் போன் போட்டாள். போனில் எதைச் சொல்லி எதில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து, "சார், டீத் ஹியர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பெரியவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு முதல்முறையாகச் சிரித்தார். அவள் கையைப் பிடித்து, "லாங் ஷாட்டுன்னு நெனச்சேன்!" என்றார். கிடைப்பது அரிது என்று நினைத்ததைத்தான் அப்படிச் சொன்னார். குடையக்கா எல்லாப் பக்கமும் தலையை ஆட்டி வைத்தாள். அவர் மாடியில் சூப்பர்வைசரிடம் போய்ப் புகாரைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர் போனதும் மெல்ல சூப்பர்வைசர் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், லாங் ஷாட்டுன்னா... யாரு யாரைச் சுட்டாங்க?"

சூப்பர்வைசர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னைக்கு வேண்டாம்மா. போய்ச் சாப்பிடுங்க."