கித்தார் மார்க் லேபிளில் சங்கிலிமுத்துவின் கை

விருதுநகர், சிவகாசி, ஆமத்தூர் என்று மூன்று ஊரையும் சல்லடை போட்டுத் தேடினாலும், நாலு கம்பி மின்சாரக் கித்தாரை முதன்முதலில் தோளில் மாட்டியவன் என்று ஒருத்தன்தான் அகப்படுவான். அவன் ஆமத்தூர் பெத்தணன் மகன் சங்கிலிமுத்து. இல்லை என்று சொல்லுகிறவர் யாரும் இருந்தால், அந்தக் காலத்தில் அப்படி ஒரு கித்தாரை அவர் எங்கே பார்த்தார் என்று வந்து சொல்லட்டும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. வீட்டுக்கு மூன்று ஏக்கர் கரிசல் இருந்தது. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வெறும் வெடிப்பு. 1952-ல் பதினான்கு வயதில் அவன் விருதுநகர் எண்ணெய் மில்லுக்கு வேலைக்கு வந்தான். மில் எஞ்சின் ஓடும்போது மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். சங்கிலிமுத்துவோ செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். தரை வழியாக உள்ளங்காலில் ஏறும் அந்தத் தாளம் அவனுக்குப் பிடித்திருந்தது. எஞ்சினில் கோளாறு வருவதை மேஸ்திரிக்கு முன்னால் அவன் கால் சொல்லிவிடும். பெல்ட் மாட்டும்போது ஒருநாள் இடதுகைச் சுண்டுவிரல் சிக்கி, நடுக்கணுவில் கொக்கி மாதிரி வளைந்து போயிற்று. அந்த விரல் பின்னால் கதையில் வரும்.

மில்லுக்கு அடுத்த தெருவில் வத்தல் மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை உதுமான். சங்கிலிமுத்துவுக்கு இரண்டு வயது மூத்தவன். சிவப்பாக இருப்பான், சுருள்முடி, பாடினால் தெருவே நிற்கும். சங்கிலிமுத்து அவனை மாமா என்பான், அவன் இவனை மாப்ளே என்பான். பினாங்கில் இருந்த அவன் மச்சான் 1962-ல் ஆறு கம்பி மின்சாரக் கித்தார் ஒன்றும் ஒரு கட்டு இங்கிலீஷ் இசைத்தட்டும் கொண்டுவந்து கொடுத்தார். ராக் அண்ட் ரோல் என்று அதற்குப் பெயர். மண்டிக்கு மூட்டை இறக்கப் போன சங்கிலிமுத்து, தட்டு சுழலுவதைக் கேட்டுவிட்டு மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றான். பாட்டுக்காரன் குரல் அவன் காதில் ஏறவில்லை. அதற்கு அடியில் எண்ணெய் மில் எஞ்சின் மாதிரி ஒன்று நடந்துகொண்டே இருந்தது. அது என்ன என்று கேட்டான். நாலு கம்பி வைத்த பேஸ் கித்தார் என்றான் உதுமான்.

கடையில் வாங்கக் கிடைக்காத சாமானைச் சங்கிலிமுத்து தானே செய்தான். உடைந்த மாட்டுவண்டியின் தேக்குச் சட்டத்தை ஆசாரியிடம் கொடுத்து உடம்பு அறுத்து வாங்கினான். இரண்டு இடத்தில் விரிசல் விட்டதற்குப் பித்தளைத் தகடு அடித்தான். அதிர்வை மின்சாரமாக மாற்ற, காந்தத்துக்கு மேல் கம்பி சுற்றி ரேடியோக் கடைக்காரர் கொடுத்தார். பெரிய கம்பிக்கு எங்கே போவது? சைக்கிள் பிரேக் கம்பியின் மேல் செப்புக்கம்பியை நெருக்கிச் சுற்றினான். ஆறு மாதம் ஆயிற்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் வாசித்தான்.

இருவரும் இன்னும் மூன்று பேரைச் சேர்த்து இசைக்குழு ஆரம்பித்தார்கள். கல்யாண வீடு, பங்குனிப் பொங்கல், மில் ஆண்டுவிழா என்று கூப்பிடாத இடமில்லை. அப்போது பிடித்ததுதான் சங்கிலிமுத்துவுக்கு அந்த வயிற்றெரிச்சல்.

காரணம் எளிது. அன்றைக்கு மைக் செட் என்றால் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்தான். அது கீச்சென்று கத்தும். கீழ்ச்சத்தம் அதன் வாய் வழியாக வெளியே வரவே வராது. சங்கிலிமுத்து விரல் தேய வாசிப்பான். உதுமானுடைய கித்தாரும் குரலும் மட்டும் ஆமத்தூர் வரை போகும். தேயிலைப் பெட்டியில் ஸ்பீக்கரை வைத்துத் தனியாக ஒன்று கட்டிப் பார்த்தான். வெட்டவெளியில் அந்தச் சத்தம் நாலடி தாண்டவில்லை. உதுமானின் சுருள்முடியைப் பார்த்தால் எரியும். அவன் சட்டைக் காலரைப் பார்த்தால் எரியும். பாட்டு முடிந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து எழும் சலசலப்பைக் கேட்டால், கித்தாரைக் கழற்றிக் கிணற்றில் போடலாமா என்று வரும்.

காரியாபட்டியில் ஒரு கல்யாணத்தில் கச்சேரி முடிந்து பந்தி போட்டார்கள். உதுமானை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சங்கிலிமுத்து போய் உட்காரப் போனபோது பெண்வீட்டுக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்தார்.

"மைக் செட் தம்பி, நீங்க பொறவு உக்காரலாம். முதல்ல கச்சேரிக்காரங்க சாப்புடட்டும்."

அவர் தெரியாமல் சொன்னார். அதைச் சங்கிலிமுத்து மன்னித்துவிட்டான். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உதுமான் சிரித்தான் பாருங்கள், அதை மன்னிக்கவில்லை.

1964-ல் சங்கிலிமுத்து சிவகாசிக்கு வந்து, மூட்டை தூக்கியவன் அச்சாபீசில் மெஷின்காரன் ஆனான். அதுவும் சொந்தச் சாமர்த்தியத்தில்தான். பட்டாசுக் கட்டுகளுக்கும் தீப்பெட்டிகளுக்கும் அங்கே லேபிள் அச்சாகும். லேபிள் என்றால் சாதாரணம் இல்லை. அதில் ஏறிய மயிலும் புலியும் கல்கத்தா போகும், கான்பூர் போகும். மனுஷன் எவனும் அவ்வளவு ஊர் பார்த்ததில்லை.

மறு வருஷம் அய்யாதுரை என்ற பட்டாசுக் கம்பெனி முதலாளி பொங்கல் கச்சேரி பார்க்க வந்தார். மறுநாளே ஆள் அனுப்பினார். தீபாவளி சீசனுக்குப் புதுச் சரவெடி போடுகிறாராம். பெயர் கித்தார் மார்க். லேபிளில் உதுமான் படம்.

சங்கிலிமுத்து வேலை பார்த்த அச்சாபீசுக்குத்தான் ஆர்டர் வந்தது. குழுவில் அஞ்சு பேர் இருக்கிறோம், அஞ்சு பேர் படத்தையும் போட்டால் என்ன என்று அவன் அய்யாதுரை முதலாளியிடம் நேரில் போய்க் கேட்டான். சரவெடிக் கட்டின் அகலம் நாலு விரல்தான், ஒரு மூஞ்சிக்குத்தான் இடம் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த ஒரு மூஞ்சி தன்னுடையதாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் திரும்பினான்.

உதுமான் மதுரையில் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். அதில் மார்புக்கு மேல்தான் இருந்தது. கித்தாரை நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்றார் ஓவியர். உதுமானுக்கு வத்தல் லோடு ஏற்றும் நாள். பினாங்குக் கித்தாரைச் சங்கிலிமுத்து வீட்டில் கொடுத்து, காலையில் வேலைக்குப் போகும்போது கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் போனான்.

காலையில் சங்கிலிமுத்து பினாங்குக் கித்தாரைப் பருத்தி மூட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்தான். சுவரில் மாட்டியிருந்த தன்னுடையதைத் துணியில் சுற்றினான். மனைவி சண்முகத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுதையில்ல தூக்கிட்டுப் போறீக?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா, அவுக குடுத்ததையே கொண்டு போறது."

அதற்குள் அவன் சைக்கிளை எடுத்துவிட்டான்.

ஓவியர் பெயர் சுந்தரபாண்டி. சாமிப்படக் காலண்டர் வரைந்து வரைந்து பழகின கை. முருகன் கழுத்தில் ஒரு மணி குறைந்தாலும் ஆர்டர் திரும்பி வந்துவிடும் என்பதால், எதையும் எண்ணாமல் வரையமாட்டார். ஆனால் கித்தார் என்ற ஒன்றை அதற்கு முன் அவர் பக்கத்தில் பார்த்ததில்லை. துணியைப் பிரித்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார்.

"கம்பிய முறுக்குற முளை நாலுதானா?"

"நாலுதான்."

"கித்தாருக்கு எப்பவும் நாலா?"

"நல்ல கித்தாருக்கு நாலுதான் அண்ணாச்சி."

அவர் தலையாட்டினார். பிறகு, கித்தார் அந்தரத்தில் தொங்குமா, அதைப் பிடிக்கிற கையும் வேண்டுமே என்று சொல்லிச் சங்கிலிமுத்துவை ஸ்டூலில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தகடு அடித்த இடம் இரண்டும், பிரேக் கம்பியின் தடிப்பும், கொக்கி மாதிரி வளைந்த சுண்டுவிரலும் ஒன்று விடாமல் தாளில் ஏறின. பிறகு, தாளில் நேராக விழுவதற்காக அதை அச்சுத் தகட்டில் இடவலம் மாற்றி வரைந்து, கண்ணாடியில் பார்த்துச் சரிபார்த்தார். கழுத்துக்கு மேலே உதுமானின் தலை வந்து உட்கார்ந்தது.

அந்த லேபிளை அச்சடித்தவனும் சங்கிலிமுத்துதான். முதல்நாள் மஞ்சள் ஓட்டினான். மறுநாள் சிவப்பு, கித்தாரின் உடம்பு வந்தது, கை வந்தது. மூன்றாம் நாள் நீலம், சட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சந்தன நிறம் மட்டும் இருந்தது. தாளுக்கு இருபத்து நாலு லேபிள்; இருபத்து நாலிலும் அவன் கை. அந்த மூன்று நாளும் அது யார் என்று யாரும் சொல்ல முடியாது. சங்கிலிமுத்து பாட்டுப் பாடிக்கொண்டே தாள் போட்டான். நாலாம் நாள் கருப்பு மை ஓடியது. கண், புருவம், சுருள்முடி எல்லாம் விழுந்தன. முதல் தாளை எடுத்துப் பார்த்தான். உதுமான் சிரித்துக்கொண்டிருந்தான். காரியாபட்டிப் பந்தியில் சிரித்த அதே சிரிப்பு.

தீபாவளிக்குக் கித்தார் மார்க் பிய்த்துக்கொண்டு போயிற்று. விருதுநகர்க் கடைவீதியில் உதுமான் நடந்தால் சரவெடி மாமா என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். சங்கிலிமுத்து டீக்கடையில் லேபிளை விரித்து வைத்து, கையைப் பாருங்கள், சுண்டுவிரலைப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தான். எல்லோரும் பார்த்துவிட்டு, உதுமானுக்கு விரலில் என்ன அடிபட்டதா என்று கேட்டார்கள். சொந்தப் பெண்டாட்டிகூட, முகத்தைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

உதுமான் மட்டும் கேட்கவில்லை. லேபிள் வந்த அன்று அதை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தான். முளைகளை விரலால் தொட்டு எண்ணினான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் திட்டுவான், குழுவே உடையும், உடையட்டும் என்று சங்கிலிமுத்து காத்திருந்தான். அவன் வாயே திறக்காதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கார்த்திகையில் உதுமான் ஒருநாள் வந்து, நாலு கம்பிக் கித்தாரைக் கொஞ்ச நாளைக்குக் கொடு என்று கேட்டான். எதற்கு என்றால், சும்மா என்றான். கொடுத்து எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் அச்சாபீஸ் வாசலுக்கே கித்தாரோடு வந்தான். முகம் சரியில்லை. ஒரு இங்கிலீஷ் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான்.

கொடைக்கானலில் ஒரு பெரிய ஓட்டலில் பேண்டு மாஸ்டராக இருப்பவர் அய்யாதுரை முதலாளிக்கு எழுதியது. தீபாவளிக்கு அங்கே கித்தார் மார்க் வெடித்திருக்கிறார்கள். லேபிளில் இருப்பது நாலு முளை உள்ள பேஸ் கித்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விரல் வைத்திருக்கும் முறையைப் பார்த்தால் நிஜமாகவே வாசிக்கிற ஆள் என்றும் தெரிகிறது. தங்கள் பேஸ்காரர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார். படத்தில் இருக்கிறவரை உடனே அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். படத்தில் இருக்கிறவர் என்று முதலாளி அதை உதுமானிடம் கொடுத்துவிட்டார்.

அச்சாபீஸ் குமாஸ்தா படித்துச் சொல்லச் சொல்லச் சங்கிலிமுத்து கடிதத்தின் மேல் குனிந்தான். தேதியைப் பார்க்கச் சொன்னான்.

"வந்து பத்து நாளாச்சே மாமா. எங்க இருந்துச்சு இம்புட்டு நாளும்?"

"எம் பையிலதான்." உதுமான் கையை விரித்துக் காட்டினான். பத்து விரலில் ஆறில் கொப்புளம். "நானே போயிரலாம்னுதான் பாத்தேன். மூஞ்சி என் மூஞ்சிதான? அந்தச் சனியன் பிடிச்ச பிரேக் கம்பி என்கிட்டப் பேசவே மாட்டேங்குது."

"அப்ப, பேசியிருந்தா நீ போயிருப்ப."

"போயிருப்பேன். நீ உன் கித்தாரைத் தூக்கிட்டுப் போனியே, என்கிட்டச் சொல்லிட்டா போன?"

சங்கிலிமுத்து விரலில் ஒட்டியிருந்த மையைத் துடைத்தான்.

"கச்சேரியில எல்லாரும் என்னப் பாப்பாக. நான் உன் விரலைத்தான் பாப்பேன் மாப்ளே. நீ ஒரு அடி தப்புனா என் பாட்டு விழுந்துரும். அது யாருக்கும் தெரியாதுன்னுதான் நானும் பேசாம இருந்தேன். போ. போயி ஒழுங்கா வாசி."

கித்தாரைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் போய்விட்டான்.

சங்கிலிமுத்து தை மாதம் மலையேறினான். கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். நிஜக் கம்பி வாங்கிக் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த ஆமத்தூர்க்காரன் வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்கு வாசித்தான், அதுவும் ஏழு வருஷம். இந்தப் பக்கத்தில் வேறு எவனுக்கு அது வாய்த்தது? ஆனால் எரிச்சல் விட்டதா என்றால், விடவில்லை. அங்கேயும் வெளிச்சம் பாடுகிறவன் மேல்தான் விழுந்தது. விளக்கு போடுகிறவனிடம் அவன் இரண்டு தடவை சண்டை போட்டான்.

1967 மே மாதம் உதுமான் கொடைக்கானலுக்கு வந்தான். மாலை ஆட்டம் தொடங்கியது. பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், கொஞ்ச நேரத்தில் குனிந்து செருப்பைக் கழற்றியதைச் சங்கிலிமுத்து மேடையிலிருந்தே பார்த்தான். அந்த மண்டபத்துக்கு மரத்தரை.

ஆட்டம் முடிந்ததும் பாட்டுக்காரனைச் சுற்றிக் கூட்டம் கூடியது. உதுமான் நேராகச் சங்கிலிமுத்துவிடம் வந்தான்.

"இப்பவாச்சும் கேட்டுச்சா மாமா?"

"முழங்கால் வரைக்கும் ஏறிச்சு." சொல்லிவிட்டுத் தரையை ஒரு தட்டுத் தட்டினான். "இந்த மாதிரித் தரை எனக்குக் கெடைச்சிருந்தா நானும் இந்நேரம் எங்கயோ இருந்திருப்பேன்."

அவன் பொறாமைப்படுவதைக் காதால் கேட்டபோது சங்கிலிமுத்துவுக்குக் காய்ச்சல் விட்டது போல இருந்தது. அந்தச் சுகம் உதுமான் அடுத்த வார்த்தை பேசும் வரைதான் நீடித்தது. சரவெடி இப்போது பம்பாய்க்கும் போகிறதாம்; முதலாளி லேபிளைப் புதுசாக வரையப் போகிறாராம், என்ன மாற்ற வேண்டும் என்று உதுமானிடம் கேட்டிருக்கிறாராம்.

"மூஞ்சியை மாத்தச் சொல்லு" என்றான் சங்கிலிமுத்து.

"கையைத்தான் மாத்தச் சொல்லப்போறேன்" என்றான் உதுமான்.

சொன்னானோ இல்லையோ தெரியாது. ஆனால் அடுத்த சீசனுக்கும், அதற்கடுத்த சீசனுக்கும் கித்தார் மார்க் கட்டின் மேல் உதுமானின் முகம்தான் சிரித்தது. நாலு முளையும் இரண்டு பித்தளைத் தகடும் வளைந்த சுண்டுவிரலும் அப்படியே இருந்தன.