பசுப் பாடத்துக்கு வந்த காளை

கோவையிலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைக்கும்போது ஒரு பச்சை மணம் எழும். அது மூக்கில் ஏறிய மறுகணமே நாங்கள் சிலேட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவோம். கரும்பலகைக்குக் கரி பூசுகிறார்கள் என்றால் "இன்ஸ்பெட்டர்" வருகிறார் என்று அர்த்தம். வருஷம் முழுவதும் வெளுத்துக் கிடக்கும் அந்தப் பலகை, அந்த ஒரு நாளைக்காகப் புதுமாப்பிள்ளை மீசை போலக் கறுத்து மினுங்கும்.

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருந்த எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் என்பது ஓலை வேய்ந்த ஒரு கொட்டகையும் ஞானமுத்து வாத்தியாரும்தான். பாளையங்கோட்டையில் பயிற்சி பெற்று வந்த நல்ல மனிதர். ஆனால் இன்ஸ்பெக்டர் என்ற பேச்சு எடுத்தாலே அவருக்கு விக்கல் பிடித்துக்கொள்ளும். அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் வந்த இன்ஸ்பெக்டர், பசுவைப் பற்றிய பொருட்பாடத்தை வாத்தியார் படத்தைக் காட்டி நடத்தினார் என்று குறை சொல்லி, பொருட்பாடம் என்றால் பொருளையே பிள்ளைகள் முன் நிறுத்த வேண்டும், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் சர்க்கார் மானியம் நின்றுபோகும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். மானியம் நின்றால் பள்ளிக்கூடம் மூடவேண்டியதுதான். என் அப்பா வீட்டில் தீர்ப்பைத் தயாராகவே வைத்திருந்தார்: "பள்ளிக்கூடம் போச்சுன்னா பயலுவ ஆத்தைத் தாண்டி அக்கரையில போய்ப் படிக்கட்டும். பொட்டப்பிள்ளை படிச்சது போதும்." நான் அப்போது மூன்றாம் வகுப்பு. படிப்பில் எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி ஓடத்தில் ஏறிப் போக நான் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

வாத்தியார் இந்த முறை எதையும் விட்டுவைக்கவில்லை. ஆடி மாதம் தொடங்கியே நாங்கள் பசுப் பாடத்தைக் கோஷ்டியாகப் பாடிப் பாடி, தூக்கத்திலும் "பசு சாதுவான பிராணி" என்று உளறிக்கொண்டிருந்தோம். பசு தருவதாக ஒப்புக்கொண்டவர் ஊரில் பெரிய நிலக்காரரான மேலவீட்டுப் பிள்ளை. ஆனால் ஆவணியில் இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் அவர் மனைவி குறுக்கே நின்றுவிட்டார். "கறக்குத மாட்டைக் கண்டவன் கண்ணு முன்னால நிறுத்தினா மடி வத்திப் போவும்" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் பிள்ளையின் பேச்சு எடுபடாது. கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும், மடியையும் காப்பாற்ற வேண்டும் என்று யோசித்த பிள்ளை, தொழுவத்தில் சும்மா நின்ற உழவுக்காளையை அனுப்பிவைத்தார். துரை மாதிரி ஆள் பார்க்கப்போகிற மாடு வெறுங்கொம்போடு போனால் ஊருக்குத்தான் இழுக்கு என்று கொம்புக்குச் சிவப்பு பூசி, கழுத்தில் மாலையும் சலங்கையும் கட்டி, நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டார்கள்.

காளை கொட்டகைத் தூணில் கட்டப்பட்டபோது இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே நாற்காலியில் அமர்ந்துவிட்டார். வாத்தியார் காளையைப் பார்த்தார், விக்கினார். பாடத்தை மாற்ற நேரம் இல்லை. பிரம்பைத் தூக்கினார். நாங்கள் பழகிய பழக்கத்தில், எதிரே நிற்பதைப் பார்த்துக்கொண்டே, ஒரே குரலில் ஆரம்பித்தோம்: இது பசு, இது சாதுவான பிராணி, இது காலையிலும் மாலையிலும் பால் தரும்.

"இதுவா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

காளை தலையை ஆட்டியது, சலங்கை குலுங்கியது. சிவப்புக் கொம்பும் மாலையும் சலங்கைச் சத்தமும் சேர்ந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். பின்வரிசைச் சிறுசு ஒன்று சிலேட்டைத் தட்டி, "பொங்கலோ பொங்கல்" என்றது. அவ்வளவுதான், கொட்டகை முழுக்கச் சிலேட்டுகள் முழங்கின. மாட்டுப்பொங்கலன்று தொழுவத்தில் தட்டைத் தட்டிக் கூவுகிற அதே கூச்சல், ஆவணி மாதத்தில், சர்க்கார் அதிகாரியின் முன்னால். காளை ஒரே இழுப்பில் தூணைச் சாய்த்துக் கயிற்றையும் அறுத்துக்கொண்டது. ஓலைத்தூசி இன்ஸ்பெக்டரின் தலைப்பாகையில் கொட்டியது. அவர் நாற்காலியை விட்டு மேசைமேல் ஏறிவிட்டார். வெளியே வேடிக்கை பார்த்த ஊர் சிதறியது. முதலில் ஓடியவர் மேலவீட்டுப் பிள்ளை.

எங்களில் மூத்தவளான பேச்சி மட்டும் எழுந்து, அறுந்த கயிற்றைப் பைய எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு காளையின் கழுத்தைத் தடவினாள். அவள் அப்பாதான் அந்தக் காளையை ஏரில் பூட்டுகிறவர். மேசைமேல் நின்றபடியே இன்ஸ்பெக்டர், அது முட்டாதா என்று கேட்டார்.

"அது கோவத்துல இழுக்கலைய்யா. பொங்கச்சோறு வைப்பாங்கன்னு வீட்டுக்குப் போகப் பாக்குது."

அவர் அடுத்தடுத்துக் கேட்டார், அவள் சொல்லிக்கொண்டே போனாள். வாயைத் திறந்து பல்லைக் காட்டி வயதைச் சொன்னாள். மேல்வாயில் முன்பல் கிடையாது என்றாள். அசைபோடுவது நின்றால் காய்ச்சல் என்றாள். இடப்பக்கம் பூட்டிப் பழகியதை வலப்பக்கம் பூட்டினால் மண்டிபோடும் என்றாள். நாங்களும் பயம் தெளிந்து ஆளுக்கொன்று சொன்னோம். இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்து இறங்கி வந்து வாத்தியாரிடம், "இதெல்லாம் நீர் சொல்லிக்கொடுத்ததா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடமாட்டாரா என்று நான் உள்ளூரத் தவித்தேன்.

"நான் சொல்லிக்கொடுத்தது அந்தப் பசுப்பாட்டுதான்யா" என்றார் வாத்தியார்.

"பிறகு இவர்களைப் பேசவைத்தது யார்?"

"காளைதான்யா."

இன்ஸ்பெக்டர் சிரித்தே விட்டார். அதிகாரிகளுக்கும் பல் உண்டு என்று எங்கள் ஊர் அன்றுதான் கண்டது. பொருட்பாடம் மிக நன்று, ஒழுங்கு சுத்தமாக இல்லை, பள்ளி தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் அப்பா தன் தீர்ப்பைப் பற்றிப் பேசவில்லை. வெங்காயத்திலிருந்து நான் தப்பினேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து, பாளையங்கோட்டைக்குப் போய், நானும் வாத்திச்சியாகி, எத்தனையோ இன்ஸ்பெக்டர்களைப் பார்த்தாயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது காரைக்கட்டடம் நிற்கிறது. பரிசோதனைக்கு ஜீப்பில் வருகிறார்கள், தலைப்பாகை இல்லை, மாலையும் கிடையாது. பள்ளியைப் பற்றிக் குறை எழுதினால் பெண்பிள்ளையின் படிப்பு அதோடு போய்விடும் என்ற பயம் எங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டது. போனதில் நான் வருந்தாத ஒன்று அது. பேச்சியோ, காளை வந்த அந்த ஆவணிக்கு அடுத்த தை மாதமே பெரியவளானாள். வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். எங்களுக்காக அந்தப் பரீட்சையில் தேறியவள் அவள்தான். நாலாம் வகுப்புக்குப் போனது நான்.