ரங்கூன் குத்பாவில் ஒரு செத்த கலீபா

துருக்கியில் கலீபா பதவியையே ஒழித்துவிட்டார்கள் என்ற செய்தி ரங்கூனுக்கு வந்த வாரம் என் குடைக்கடையில் வியாபாரமே இல்லை. மழைக்கு முன்பே குடை வாங்கி வைக்கிறவர்கள்கூடக் கலீபாவைப் பற்றிப் பேசிவிட்டு வெறுங்கையோடு போனார்கள். எனக்கு வயிற்றெரிச்சலான வயிற்றெரிச்சல்.

வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் கலீபாவின் பெயரைச் சொல்லி துஆ என்ற பிரார்த்தனை செய்வது பழங்காலத்து வழக்கம். யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவருக்குத்தான் அந்த ஊர் அடங்கியது என்று கணக்கு. அந்தப் பெயருக்காக அன்று சுல்தான்கள் படை நடத்தினார்கள். எங்கள் தெருவில் அரிசித் தரகரும் இரும்புக்கடைக்காரரும் நடத்தினார்கள்.

தரகர் பள்ளிவாசல் தலைவர். துரத்தப்பட்ட துருக்கிக்காரர் பெயரையே சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. இரும்புக்கடைக்காரர் செயலாளர். மக்காவில் புதிதாகக் கலீபா என்று கிளம்பியவரின் கட்சி. விளக்குக்கு யார் கடையில் எண்ணெய் வாங்குவது என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள், உலக முஸ்லிம்களின் தலைவரைத் தீர்மானிக்க உட்கார்ந்தார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவர் பிரசங்கம் செய்யும் கத்தீபு. என் கடைக்கு மேல்மாடியில், பள்ளிவாசல் கொடுத்த அறையில் குடியிருந்தார். இருவரும் தனித்தனியாக வந்து ஒரே மிரட்டலை வைத்துவிட்டுப் போனார்கள். நம்ம ஆள் பெயரைச் சொல்லாவிட்டால் வேலை போகும், அடுத்த கப்பலில் நாகப்பட்டினம். அவர் மனைவி பர்மா முஸ்லிம் பெண், தெருமுனையில் மோஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்பவள். படுக்கையில் கிடந்த தாயை விட்டுவிட்டு அவள் கப்பல் ஏறமாட்டாள். கைக்குழந்தை வேறு. கப்பல் ஏறினால் அவர் மட்டும்தான் ஏற வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் மேலே போனபோது மனுஷர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவி வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி கலீபா இல்லாம இருந்ததே இல்லையா, ஹஜ்ரத்?" என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? மங்கோலியத் தாத்தாரியர் பாக்தாதைப் புடிச்சு, கலீபாவைக் கம்பளத்துல சுருட்டி, குதிரையை விட்டு மிதிக்க வச்சாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் கொஞ்ச காலம் கலீபாவே கிடையாது."

"அப்ப டில்லி சுல்தான்கள் யார் பேரைச் சொன்னாங்க?"

"காசுலகூட அந்தச் செத்தவர் பேரையே ரொம்ப வருஷம் அடிச்சாங்க. வேற யார் பேரைப் போட்டாலும் வம்பு பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

"சயா," என்றாள். வாத்தியார் என்று பர்மிய மொழியில்தான் புருஷனைக் கூப்பிடுவாள். "அவர் பேரையே சொல்லுங்க. செத்தவர் மேல யாருக்குக் கோபம்?"

மறுநாள் பள்ளிவாசலில் கூட்டம் நெரிந்தது. கத்தீபு கணீரென்ற அரபியில் நீளமான பட்டம் ஒன்றைச் சொல்லி, அந்த மனிதருக்கு அருள் புரியும்படி ஆண்டவனைக் கேட்டார். அதில் ஒரு பொய் கிடையாது. பாக்தாதுக்காரரின் பெயர் அங்கே வேறு யாருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஜாதியும் அல்ல எங்கள் ஆட்கள்.

தொழுகை முடிந்ததும் தரகர் கத்தீபின் கையைப் பிடித்துக்கொண்டார். "துருக்கிக்காரரோட முழுப் பட்டத்தையும் விடாம சொன்னீங்க!" அவர் நகர்ந்ததும் இரும்புக்கடைக்காரர் வந்து காதோடு சொன்னார். "மக்காக்காரர் பேரைத் தரகருக்குத் தெரியாமலே சொல்லிட்டீங்களே, பலே!" நான் செருப்புத் தேடுகிற சாக்கில் குனிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அன்று சாயந்திரம் மேல்மாடியில் நெய்ச்சோறு மணத்தது. குழந்தை கத்தீபின் மடியில் அவர் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. என்ன விசேஷம் என்றேன்.

"பாத்திஹா ஓதப் போறோம். உக்காருங்க, காக்கா," என்றாள் அவள், அண்ணன் முறை வைத்து. "அந்தக் கம்பளத்துப் பெரியவருக்கு."

கத்தீபு ஓத ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்தது. குதிரை மிதித்துச் செத்த ஒரு ராஜாவுக்காக ரங்கூனில் நாங்கள் மூன்று பேர் கையேந்தியிருந்தோம். நானும் அழுதேன்.