பூங்கொடி சொன்ன தொண்ணூறு

விட்பியில் உள்ள என் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், நெடுஞ்சாலையில் கார்கள் அசையாமல் நின்றபோது செந்திலின் அழைப்பு வந்தது. "அண்ணா, பூங்கொடி விடியக்காலைல போயிட்டா" என்றார். மனைவியை இழந்த மனிதரிடம் என் வாயில் "இண்டைக்கு அச்சு வெட்டுற நாளெல்லோ" என்றுதான் வந்தது. இப்படியும் ஒருவன் சொல்வானா! ஆனால் செந்தில் கோபிக்கவில்லை. "அதையேதாண்ணா அவளும் நேத்து சொல்லிட்டிருந்தா" என்றார்.

உங்களில் பலர் பூங்கொடியை எங்கள் பக்கத்து அஜின்கோர்ட் தமிழ்க் கடைகளில் கண்டிருப்பீர்கள். கோயம்புத்தூர்க்காரர், முன்பின் தெரியாதவரையும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். எங்கள் சிறிய மெசின் ஷொப்பில் அவர்தான் எஞ்சினியர். தலைமயிர் அளவே தடிப்புள்ள கத்தியால் உருக்கு அச்சுகளில் நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டுகிறோம். அந்த வாய்க்காலின் அடி எவ்வளவு சொரசொரப்பாக வரும் என்று, வெட்டும் முன்பே கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலை. வெட்டிவிட்டு மினுக்கலாமே என்பீர்கள். எதை விட்டு மினுக்குவது? அந்த இடுக்குக்குள் நுழைய வேறொன்றும் இல்லை. வெட்டும்போது வந்ததுதான் வந்தது.

அவர் வந்த புதிதிலேயே எனக்கும் அவருக்கும் கொழுவல். நான் பெரிய இரும்புகளோடு மல்லுக்கட்டி வளர்ந்தவன். பளபளப்பு வேண்டுமென்றால் கத்தியை மெதுவாக நகர்த்த வேண்டும். எங்களுக்கு அது பால்குடிப் பாடம். அவரோ இன்னும் வேகமாக நகர்த்தச் சொன்னார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"பிள்ளை, உது சரிவராது. கத்தி முறியும், அடியும் கெடும். எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

"கோவிச்சுக்காதீங்கண்ணா. எவ்வளவு சொரசொரப்பு வரும்னு உங்க நம்பரை நீங்க சொல்லுங்க, என் நம்பரை நான் சொல்றேன். அப்புறம் வெட்டிப் பாத்துக்கலாம்."

என் முறையில் ஒன்று, அவர் முறையில் ஒன்று, பித்தளையில் இரண்டு கோடுகள் வெட்டினோம். மைக்கிரோஸ்கோப்பில் பார்த்தால் என்னுடையதுதான் உழுத வயல். "மொட்டைக் கத்தியில பயந்து பயந்து தக்காளி அரிஞ்சா நசுங்குமில்லீங்களா, அதேதான்" என்றார். இவ்வளவு சிறிய அளவுக்கு வந்தால் எந்தக் கத்தியின் கூரும் மொட்டைதானாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் அது உலோகத்தை வெட்டாது, தேய்த்துவிட்டுப் போகும். மத்தியானம் வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

தன் கணக்குப் பிழைத்த நாளிலும் அவரைப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதை விட இரண்டு மடங்கு சொரசொரப்பு வந்தது. முதலாளி ரவி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பூங்கொடியோ கை தட்டினார். "தப்பாப் போச்சுங்கண்ணா! தப்பாப் போச்சு!" லொத்தர்ச் சீட்டு விழுந்த சந்தோசம். "சரியா வந்தா நமக்குத் தெரிஞ்சதேதான் திரும்பவும் தெரியும். தப்பா வந்தாத்தானே புதுசா ஒண்ணு தெரியும்?" பிறகு தேடிப் பிடித்தார். உலோகத்துக்குள் மணல்போல் இருக்கும் நுண்ணிய மணிகள் சில கடினம், சில மெது. அந்தச் சிறிய கத்தி ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கியிருக்கிறது. மணிகள் இன்னும் சிறிதாக உள்ள உருக்குக்கு மாறினோம். அன்றிலிருந்து எங்கள் இடத்தில் ஒரு சட்டம்: எல்லோரும் தங்கள் எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் யாரும் மெசினை ஓட்டும் பச்சைப் பொத்தானில் கை வைக்கக்கூடாது.

அவருடைய கடைசி அச்சு, பிறந்த குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிக்கும் பிளாஸ்டிக் துண்டை வார்ப்பதற்கானது. ஒரே குத்தில் வரும் ஒரு துளி போதும், அது வாய்க்கால் வழியே ஓடும். பூங்கொடியின் மகன் மாதம் நிறையாமல் பிறந்தவன். "அவன் குதிகால் பூரா ஊசி குத்துன தடமுங்கண்ணா, என்னால பாக்க முடியல" என்று ஒருமுறை சொன்னார். நாங்கள் செய்த முதல் அச்சில் அடி சொரசொரத்து, அதில் வார்த்த துண்டில் இரத்தம் ஒட்டிக்கொண்டது. சொரசொரப்பு நூறு நானோமீட்டருக்குள் வராவிட்டால் இந்த வேலையையே கைவிடுவதாக வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பூங்கொடி திரும்பக் கணக்குப் போட்டார். தொலைபேசியில் குரல் நூலாகத்தான் வந்தது.

"தொண்ணூறுங்கண்ணா. உங்களுது?"

"நூற்றுமுப்பது."

"பாக்கலாம்" என்று சிரித்தார்.

செய்தி வந்த அந்தக் காலையில் ரவி கண்கலங்கி நின்றார். "இண்டைக்கு வேண்டாம் அண்ணை, பிறகு வெட்டுவம்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பிள்ளை நம்பர் சொல்லிப்போட்டுப் போயிருக்கு. இனி வெட்டாமல் விடுறதோ?" என்று கத்தினேன். எல்லோரும் எண் சொன்னோம். பூங்கொடியின் தொண்ணூறை நான் சொன்னேன். அவர் சொன்ன வேகத்திலேயே வெட்டினோம். அளந்தோம். நம்பாமல் திரும்ப அளந்தோம். எழுபது.

அவரை இறுதி மரியாதைக்கு வைத்திருந்த இடத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்தபோது குனிந்து சொன்னேன்: "தப்பாப் போச்சு, பிள்ளை. எழுபது." பக்கத்தில் நின்ற செந்தில் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார், கன்னமெல்லாம் கண்ணீர். "இதைக் கேட்டிருந்தா கை தட்டியிருப்பாண்ணா" என்றார்.

அச்சை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்தத் துண்டுகளில் இரத்தம் ஒட்டாமல் ஓடுகிறதாம். அடுத்ததாக ஆஸ்பத்திரியில் பரீட்சிக்கப் போகிறார்கள். இனிப் பிறக்கும் எத்தனை பிள்ளைகளின் குதிகாலுக்கு அது விடுதலையோ! அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு: முதலில் சொல்லிவிட்டு வெட்டும் துணிவு, கணக்குப் பிழையானால் கை தட்டும் மனசு. இரண்டாவது எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை.

அந்த இருபது ஏன் குறைந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நாளைக்கு அடுத்த அச்சு. நான் அறுபது என்று சொல்லியிருக்கிறேன்.