செனிமிலி பறித்த நாற்காலி

எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் செனிமிலியைத் தேடவே வேண்டாம். சிரிப்புச் சத்தம் வருகிற பக்கம் போனால் போதும். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய், காதோரம் எப்போதும் ஒரு செம்பருத்தி. வெளித்தீவிலிருந்து கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தவள். புருஷன் கடலோடு போன பிறகு, இந்த ஓட்டலில் துண்டு மடித்தே பிள்ளைகளை ஆளாக்கினாள். நான் லூசி, பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள். எனக்கும் வாய் உண்டு, ஆனால் அவள் முன்னால் நான் ஊமை.

அவளுக்குத் தௌ முறைக்காரன் யாராவது கண்ணில் பட்டால் தொலைந்தான். ஆதியில் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தௌ. என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளலாம். பறிகொடுத்தவன் சிரித்துக்கொண்டே போக வேண்டும், முகம் சுளித்தால் ஊரே காறித் துப்பும். ஒருநாள் சந்தையில் ஒரு போலீஸ்காரரின் தொப்பியைக் கழற்றி அதில் கத்தரிக்காய் வாங்கினாள் இந்த மகராசி. அந்த மனுஷன் மொட்டைத் தலையோடு ஸ்டேஷனுக்குப் போனார். போகும்போது அவள் தீவுக்காரர்களின் மூக்கைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்படி இருந்தவளின் சிரிப்பை நிறுத்தியவர் புது மேனேஜர் ட்ரெவர். பிரிஸ்பேனில் ஏதோ பயிற்சி முடித்து வந்திருந்தார். வந்ததும் சுவரில், 'நாம் ஒரே குடும்பம்' என்று பலகை மாட்டினார். அடுத்த நாள் சலவைக்கூடத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார், இனி ஓட்டலில் நாற்காலி வாங்கும் செலவே கூடாது என்று உத்தரவும் போட்டார். உட்கார்ந்து மடித்தால் மடிப்பு கோணுமாம், நின்று செய்தால் சுறுசுறுப்பு வருமாம். இதைச் சொல்லும்போது அவர் உட்கார்ந்திருந்தது சக்கரம் வைத்த தோல் நாற்காலியில். அவருக்கு முதுகுவலியாம். நல்ல குடும்பம்தான், போங்கள்.

செனிமிலிக்கு ஏற்கெனவே முழங்கால் வீக்கம். நாலு வாரம் நின்றதில் கால் இரண்டும் மரவள்ளிக்கிழங்கு மாதிரி ஊதிவிட்டது. இப்படியே நின்றால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நாற்காலி கேட்டுப் போனாள். நிற்க முடியாவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம் என்றார் ட்ரெவர். திரும்பி வந்தவள் ஒரு துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மாதக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் புது மண்டபத் திறப்பு விழா. ஓட்டல் முதலாளிகளின் தலைவர் இனோகே தலைநகர் சுவாவிலிருந்து வந்தார். அவரை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. சாதாரண நாற்காலியில் அவரை உட்கார வைத்தால் மரியாதையாக இருக்காது என்று ட்ரெவர் தன் தோல் நாற்காலியையே உருட்டிக்கொண்டு வந்து போட்டார். வேலைக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம்.

பேசும்போது இனோகே தன் மலைக்கிராமத்தின் பெயரைச் சொன்னார். என் பக்கத்தில் நின்ற செனிமிலி, "என்னது?" என்று முணுமுணுத்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. வேண்டாம்டி என்று நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு நொண்டிக்கொண்டே மேடைக்குப் போனாள். பேசி முடித்த இனோகே அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

"ஏய் தௌ, எந்திரி," என்றாள். "உங்க ஊர்க்காரனுக்கெல்லாம் எதுக்கு நாற்காலி? பாறையில சாய்ஞ்சாலே குறட்டை விடுற கூட்டம்தானே."

ட்ரெவருக்கு ரத்தம் முகத்துக்கு ஏறிவிட்டது. இந்த நிமிஷமே உனக்கு வேலை இல்லை, வெளியே போ என்றார். இனோகே அவரைக் கவனிக்கவே இல்லை. எந்த ஊர் என்று கேட்டார், அவள் சொன்னாள். அவ்வளவுதான், அந்தப் பெரிய மனுஷன் தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

"அதானே பார்த்தேன். அடுத்தவன் வலையில மீன் பொறுக்குற தீவா நீ? எடுத்துக்கிட்டுப் போ. எவன் வந்து கேட்டாலும் திருப்பிக் குடுக்காதே."

"சார், அது என்னோட நாற்காலி," என்றார் ட்ரெவர் ஈனக் குரலில்.

"இப்ப அவளோடது," என்றார் இனோகே. பிறகு அவள் காலைப் பார்த்தார். அவர் சிரிப்பு அடங்கியது. "நாற்காலி எதுக்கு உனக்கு, தௌ?"

"உக்காந்து மடிச்சா துணி கோணிடும்னு இவர் சொல்றாரு. நின்னு மடிச்சு நான்தான் கோணிப் போறேன். எனக்கு மட்டும் இல்ல, அங்க அத்தனை பேருக்கும் கால் இருக்கு."

இனோகே ட்ரெவர் பக்கம் திரும்பினார். "நானும் இவளும் ஒருத்தரையொருத்தர் எப்படி வேணா கேவலப்படுத்திக்கலாம், ட்ரெவர். எங்களுக்கு அந்த முறை இருக்கு. உங்களுக்கு இல்ல."

விருந்து தொடங்கியதும் இனோகே நின்றபடியே சாப்பிட்டார். அவர் நிற்கும்போது ட்ரெவர் உட்கார முடியுமா? அவரும் தட்டைப் பிடித்துக்கொண்டு முதுகை நெளித்தபடி நின்றார். எனக்குச் சோறு அன்றைக்கு ரொம்ப ருசித்தது.

செனிமிலியின் வேலை போகவில்லை. மறுநாளே எங்கள் எல்லோருக்கும் நாற்காலிகள் வந்து இறங்கின. ஆனால் மேனேஜர் அறைக்கு மட்டும் வரவில்லை. நாற்காலி வாங்கும் செலவை நிறுத்தச் சொல்லி ட்ரெவரே முன்பு போட்ட உத்தரவு இருக்கிறதே, தலைவர் அதைச் சலவைக்கூடத்துக்கு மட்டும்தான் தளர்த்தியிருந்தார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் மனுஷன். ஒருநாள் மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சலவைக்கூட வாசலில் வந்து நின்றார். தோல் நாற்காலியில் ராணி மாதிரி இருந்த செனிமிலி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் என்றால் விரட்டியிருப்பேன். அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் உருட்டிவிட்டு, ஒரு கூடைத் துண்டையும் அவர் கையில் கொடுத்தாள்.

"உக்காருங்க பாஸ். வலி எல்லாருக்கும் வலிதான். சும்மா இருக்காம இதையும் மடிங்க."

அவர் உட்கார்ந்து மடித்தார். ஒவ்வொரு மடிப்பும் படு கோணல். செனிமிலி அதைப் பிரித்து மறுபடி மடித்தாள், பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.